பட்டியலில் இல்லாதவனுக்குப் பகடை உருளாது

பேஸ்பால் மேலாண்மை விளையாட்டுகளில் யாரும் எதிர்பாராத ஒருவன் திடீரென்று எழுந்து நிற்பது எப்படி? அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் சின்னப்பம்பட்டியின் கிரிக்கெட் வீரர் நடராஜனும் புரிகிறார். பாப்பாரப்பட்டி மைதானத்துக்கு எது குறைகிறது என்பதும் புரிகிறது.

கணினியில் பேஸ்பால் அணி நடத்துகிறவர் கையில் மட்டையும் இருக்காது, பந்தும் இருக்காது. கண்முன்னே இருப்பது ஒரு பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வரிசையாக எண்கள். யாரை வாங்குவது, யாரைக் கழற்றிவிடுவது, யாரை எந்த இடத்தில் ஆடவிடுவது என்று முடிவெடுப்பது மட்டுமே அவர் வேலை. ஆட்டத்தைக் கணினியே ஆடி முடித்துவிடும். அமெரிக்க மேஜர் லீக் மாதிரியே ஓர் அணிக்கு ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். பொத்தானை அழுத்தினால் ஒரு வாரம் ஓடிவிடும். இரவு ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் ஐந்து வருடம் ஓடியிருக்கும்.

இந்த ஓட்டத்தில் எப்போதாவது ஒரு விசித்திரம் நடக்கும். கீழ்நிலை லீகில் எண்ணிக்கைக்காக வைத்திருந்த பையன், திறமை தேடி அலையும் ஸ்கவுட்டின் அறிக்கையில் "பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்" என்று முத்திரை குத்தப்பட்டவன், ஒரு சீசனில் முப்பது நாற்பது ஹோம் ரன் விளாசிவிடுவான். கோடிகள் கொட்டி வாங்கிய நட்சத்திரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இவன் பெயர் விருதுப் பட்டியலில் நிற்கும். ஆங்கிலத்தில் இதை 'பிரேக்-அவுட்' என்பார்கள். நம்மூரில் சொன்னால், "யாருடா இவன், எங்க இருந்தான் இவ்வளவு நாளா?"

இந்தக் கேள்வி தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. பென்னாகரம் வட்டத்துப் பேரூராட்சியான பாப்பாரப்பட்டியைத் தமிழகம் அறிந்தது விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவால். 1925 ஜூலை 23 அன்று அவர் காலமானது இந்த ஊரில்தான், நினைவிடமும் இங்கேதான். பேஸ்பால் இந்த மண்ணின் ஆட்டமல்ல. சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரையும் போல ஞாயிற்றுக்கிழமை என்றால் டென்னிஸ் பால் கிரிக்கெட். ஆனால் இங்கிருந்து தர்மபுரி போய், தொப்பூர் கணவாய் இறங்கி, ஓமலூர் பக்கம் திரும்பினால் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி. 2020-ல் இந்திய கிரிக்கெட் முழுக்க "யார் இந்த நடராஜன்?" என்று கேட்டது அந்த ஊர்ப் பையனைப் பார்த்துத்தான். கணினி விளையாட்டில் நடக்கும் அதிசயத்துக்கு நமக்குத் தெரிந்த மிக நெருக்கமான நிஜ உதாரணம் அவர்.

பகடை, அட்டை, பாடப்புத்தகம்

அமெரிக்கர்கள் இந்த விளையாட்டைக் கணினி வருவதற்கு முன்பே ஆடினார்கள். ஹால் ரிச்மன் என்பவர் சிறுவனாக இருந்தபோதே யோசித்து, 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' அதில் புகழ்பெற்றது. ஒவ்வொரு நிஜ வீரருக்கும் ஓர் அட்டை. அவருடைய போன சீசன் கணக்கை வைத்து அட்டையில் பலன்கள் அச்சாகியிருக்கும். மூன்று பகடை உருட்டினால், அது ஹிட்டா அவுட்டா என்று அட்டை சொல்லும். 1971-ல் டான் டாக்லோ என்ற கல்லூரி மாணவர் பொமோனா கல்லூரியின் பெரிய கணினியில் பேஸ்பாலைப் பாவனை செய்யும் நிரல் எழுதினார். 1999-ல் ஜெர்மானியரான மார்கஸ் ஹைன்சோன் 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்' விளையாட்டை வெளியிட்டார். இன்று இந்த வகையில் முதலில் சொல்லப்படும் பெயர் அதுதான். 2020-ல் கொரோனாவால் மேஜர் லீக் தொடங்காமல் நின்றபோது, 'பேஸ்பால் ரெஃபரன்ஸ்' புள்ளிவிவரத் தளம் இந்த விளையாட்டை வைத்தே நடக்காத சீசனை நாள்தோறும் நடத்திக் காட்டியது.

இதன் பைத்தியம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு நாவலே உண்டு. ராபர்ட் கூவர் 1968-ல் எழுதிய 'தி யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்'. கணக்கர் ஒருவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து பகடை உருட்டி ஒரு லீகையே நடத்துகிறார். அதில் புதிதாக வந்த இளம் பிட்சர் (பந்து எறிபவன்) ஒருவன் யாரும் எதிர்பாராமல் பிரமாதமாக எழுகிறான். பிறகு பகடை அவனைக் கொன்றும்விடுகிறது. காகிதத்தில் இருக்கும் ஒரு பெயருக்காக அந்தக் கணக்கர் உடைந்துபோகிறார்.

சிரிக்க வேண்டாம். நாமும் இதையே செய்திருக்கிறோம், காசு செலவில்லாமல். பள்ளியில் கடைசி பெஞ்ச் 'புக் கிரிக்கெட்' அதுதானே? பாடப்புத்தகத்தைக் கண்ணை மூடிப் பிரிக்க வேண்டியது. இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன். பூஜ்யம் வந்தால் அவுட். எட்டு வந்தால் ஒரு ரன் என்பது பல ஊர் வழக்கம். சமூக அறிவியல் புத்தகத்துக்குத்தான் கிராக்கி, பக்கம் அதிகம்.

அந்த ஆட்டத்துக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 0, 2, 4, 6, 8 ஐந்தும் சம வாய்ப்பில் வரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பேட்ஸ்மேன் சராசரியாக எடுப்பது 13 ரன். பதினோரு பேருக்கும் அதே 13-தான். டெண்டுல்கர் என்று பெயர் எழுதினாலும், வெங்கடேஷ் பிரசாத் என்று எழுதினாலும். ஆனால் ஏறத்தாழ அறுபது இன்னிங்ஸுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் 60 ரன் தாண்டிவிடுவார். இரண்டு அணிக்கும் சேர்த்து 22 பேர் என்பதால், மூன்று மேட்சுக்கு ஒருவர் 'கலக்கி'விடுவார். அன்றைக்கு அது பிரசாத்தாக இருந்தால், "என் புக்குல பிரசாத் செம ஃபார்ம்ல இருக்கான்" என்று மறுநாள் அவரை ஓப்பனிங் இறக்கிய பையன்கள் எத்தனை பேர்! திறமையே இல்லாத ஓர் ஆட்டத்திலும் நாயகர்கள் பிறப்பார்கள் என்பதுதான் புக் கிரிக்கெட் நமக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். நாம் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

எழுச்சி மூன்று வகை

கணினி விளையாட்டில் ஒருவன் திடீரென்று எழுந்தால் அதற்கு மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். திரையில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். நல்ல மேலாளருக்கும் மோசமான மேலாளருக்கும் உள்ள வித்தியாசம், இவற்றைப் பிரித்தறிவதில் இருக்கிறது.

முதல் வகை, வெறும் அதிர்ஷ்டம். பையனின் திறமை எண் அப்படியேதான் இருக்கும். பகடை அவன் பக்கம் விழுந்துகொண்டே இருக்கும். பேஸ்பாலில் ஒருவர் 500 முறை மட்டை பிடித்து, அவருடைய உண்மைத் திறமைக்கு 135 ஹிட் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதிர்ஷ்டத்தால் மட்டும் இருபது ஹிட் கூடக் கிடைத்து 155 ஆவதற்கு ஏறக்குறைய நாற்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 135 என்றால் சுமார் ஆட்டக்காரர்; 155 என்றால் நட்சத்திரம். லீகில் அப்படி 200 பேர் இருந்தால், ஒவ்வொரு வருடமும் நான்கைந்து பேர் எந்த முன்னேற்றமும் இல்லாமலேயே நட்சத்திரமாகத் தெரிவார்கள். மேலாளர் மயங்கி நீண்டகால ஒப்பந்தம் போடுவார். அடுத்த சீசனில் பையன் தன் பழைய 135-க்கே திரும்பிவிடுவான். நிஜ பேஸ்பாலில் இப்படிப் பேசப்படும் பெயர் பிராடி ஆண்டர்சன்: 1996-ல் 50 ஹோம் ரன், மற்ற எந்த சீசனிலும் 24-ஐத் தாண்டவில்லை.

நமக்குத் தெரிந்த முகம் பால் வல்தாட்டி. 2011 ஐ.பி.எல்.லில், மொஹாலியில், சென்னை சூப்பர் கிங்ஸை அடித்து நொறுக்கிய 63 பந்து 120 நாட் அவுட்டை நம் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த சீசனில் பஞ்சாபுக்காக 463 ரன் எடுத்தார். அதன் பிறகு அந்த உயரத்துக்கு வரவே முடியவில்லை. மணிக்கட்டுக் காயமும் சேர்ந்துகொண்டது. எவ்வளவு அதிர்ஷ்டம், எவ்வளவு காயம் என்று பிரித்துச் சொல்வது யாருக்கும் கடினம். ஆனால் ஒரு சீசனை வைத்து ஒருவருடைய எதிர்காலத்தை எழுதக் கூடாது என்பதற்கு அவர் சாட்சி.

இரண்டாவது வகை, நிஜமான வளர்ச்சி. 'அவுட் ஆஃப் தி பார்க்' விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் இன்றைய திறமைக்கு ஓர் எண். எட்டக்கூடிய உச்சத்துக்கு இன்னோர் எண். காலம் ஓட ஓட முதல் எண் இரண்டாவதை நோக்கி நகரும். இதில் ரகசியம் என்னவென்றால், அந்த உச்சவரம்பே நிலையானது அல்ல. திறமை மாற்றத்தில் தற்செயல் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கென்றே அதில் ஓர் அமைப்பு உண்டு; வழக்கமாக 100-ல் நிற்கும். குறைத்தால் உலகம் ஒழுங்காக இருக்கும்: புதியவர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் முதல் சுற்றில் எடுத்தவன் நட்சத்திரமாவான், கடைசிச் சுற்றில் எடுத்தவன் காணாமல் போவான். கூட்டினால் எவனும் எழலாம், எவனும் விழலாம். மனித வளர்ச்சியைச் சூத்திரத்தில் அடைக்க முடியாது என்பதை நிரல் எழுதியவரே ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலை விளையாட்டுக்குள் ஒரு திருகாணியாகவே வைத்திருக்கிறார்.

நிஜத்தில் இதற்கு ஹோசே பாடிஸ்டா. டொமினிகன் குடியரசுக்காரர். அணி அணியாக மாறி அலைந்தவர். அதுவரை ஒரு சீசனில் அதிகபட்சம் 16 ஹோம் ரன். மட்டை வீசத் தொடங்கும் நேரத்தை முன்னால் தள்ளிப் பயிற்சி எடுத்த பிறகு, 2010-ல் 54. அதிர்ஷ்டம் என்றார்கள். மறுவருடமும் 43 அடித்தார், வாயடைத்துப் போனார்கள்.

நம்முடைய பாடிஸ்டா வருண் சக்கரவர்த்தி. பள்ளிக் காலத்தில் விக்கெட் கீப்பர். பிறகு கிரிக்கெட்டை விட்டுவிட்டுக் கட்டிடக் கலை படித்தார், வேலையும் பார்த்தார். திரும்பி வந்து வேகப்பந்து வீசினார், முழங்காலில் அடிபட்டது. அதன் பிறகே சுழற்பந்துக்கு மாறினார். 2018 தமிழ்நாடு பிரீமியர் லீகில் (டி.என்.பி.எல்.) மதுரை அணிக்காக வீசியதைப் பார்த்து, 20 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரை 8.40 கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. 2021 டி20 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்கூட விழவில்லை. கதை முடிந்தது என்றார்கள். மூன்று வருடம் கழித்து இந்திய அணிக்குத் திரும்பினார். 2025 பிப்ரவரியில், 33 வயதில், கட்டாக்கில் முதல் ஒருநாள் போட்டி. அடுத்த மாதமே துபாயில் சாம்பியன்ஸ் டிராஃபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். எந்த விளையாட்டு நிரலும் 26 வயதுக் கட்டிடக் கலைஞருக்கு இப்படி ஒரு வளர்ச்சிக் கோட்டைப் போட்டிருக்காது.

மூன்றாவது வகைதான் சுவையானது. பையன் ஆரம்பத்திலிருந்தே நல்ல ஆட்டக்காரன், நமக்குத்தான் தெரியவில்லை. விளையாட்டில் மேலாளர் பார்ப்பது வீரனின் உண்மை எண்ணை அல்ல, ஸ்கவுட் மதிப்பிட்ட எண்ணை. ஸ்கவுட்டுக்குச் செலவிடும் பணம் குறைந்தால் மதிப்பீடு மங்கும். வேண்டுமானால் இந்த ஸ்கவுட் திரையையே விலக்கிவிட்டு, எல்லாருடைய உண்மை எண்ணையும் பார்த்துக்கொண்டே ஆடலாம். அப்படி ஆடினால் மூன்றாம் வகை எழுச்சி அந்த உலகத்தில் நடக்கவே நடக்காது. யாரும் யாரையும் தவறவிட வழியில்லையே!

இந்த மூன்றையும் பிரிக்கத்தான் அமெரிக்காவில் புள்ளிவிவரக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பின்னாளில் தேர்தல் கணிப்புகளால் புகழ்பெற்ற நேட் சில்வர் 2003-ல் அறிமுகம் செய்த 'பெக்கோட்டா' முறையில், ஒவ்வொரு வீரரும் தன் முந்தைய நிலையை விட 20 சதவீதத்துக்கு மேல் எழும்புவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று தனியாக ஓர் எண்ணே கொடுத்தார். நம் பக்கத்திலும் 2019-ல் சென்னை ஐ.ஐ.டி.யுடன் சேர்ந்து கிரிக்இன்ஃபோ தளம் 'அதிர்ஷ்டக் குறியீடு' உருவாக்கியது. ஒரு கேட்ச் நழுவாமல் இருந்திருந்தால் ஸ்கோர் என்ன ஆகியிருக்கும் என்று கணினியில் ஆடிப் பார்ப்பது அதன் வேலை. இத்தனை கணக்கும் ஏற்கெனவே கோப்பில் இருக்கும் வீரர்களுக்குத்தான். கோப்புக்கு வெளியே நிற்பவருக்கு எண்ணும் இல்லை, வாய்ப்பும் இல்லை, அதிர்ஷ்டக் குறியீடும் இல்லை.

சின்னப்பம்பட்டிக்கு விழுந்த பகடைகள்

நடராஜன் மூன்றாம் வகை. அப்பா தறி வேலைக்குப் போன கூலித் தொழிலாளி, அம்மா சாலையோரக் கோழிக்கறிக் கடை நடத்தியவர். இருபது வயது வரை டென்னிஸ் பால்தான். அந்தப் பந்து லேசானது. ஸ்விங் ஆகாது, சீமும் கிடையாது. கொஞ்சம் ஷார்ட்டாக விழுந்தால் பக்கத்துக் காட்டில்தான் தேட வேண்டும். அதில் பிழைக்க ஒரே வழி, பேட்ஸ்மேனின் கால்விரலுக்கு நேராக யார்க்கர் போடுவது. அந்த ஒரு பந்தை ஆயிரக்கணக்கான முறை போட்டுப் பழகிய இடது கை அது. விளையாட்டு மொழியில் சொன்னால், 'யார்க்கர்' என்ற கட்டத்தில் உச்ச எண். அந்தக் கட்டத்தைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

பார்த்தவர் உள்ளூர்க்காரரான ஜெயப்பிரகாஷ். சென்னைக்கு அனுப்பி வைத்தார். நான்காம் டிவிஷன் லீகில் தொடங்கி, ஜாலி ரோவர்ஸ் கிளப் வரை ஏறி, 2015 ஜனவரியில் ரஞ்சி. முதல் போட்டியிலேயே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். கையை மாற்றிப் பழகித் திரும்பி வந்தார். 2016-ல் டி.என்.பி.எல். தொடங்கியது, திண்டுக்கல் அணிக்காக அவர் போட்ட யார்க்கர்கள் தொலைக்காட்சியில் ஓடின. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலைக்காரர் 3 கோடிக்குப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா. முடியவில்லை. அந்த சீசனில் ஆறு போட்டி, இரண்டே விக்கெட். ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, 2018, 2019 இரண்டு சீசனும் ஒரு போட்டிகூடக் கொடுக்காமல் உட்கார வைத்தது. கணினியில் ஆடுகிற நம்மில் பலர் இந்தக் கட்டத்தில் 'விடுவி' பொத்தானை அழுத்தியிருப்போம்.

2020-ல் பகடைகள் வரிசையாக உருண்டன. ஐ.பி.எல். அமீரகத்துக்குப் போனது. நடராஜன் 16 விக்கெட் எடுத்தார். எலிமினேட்டரில் டிவிலியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த யார்க்கரை உலகமே பார்த்தது. கொரோனாக் கட்டுப்பாட்டால் ஆஸ்திரேலியாவில் வெளியாட்களை வைத்துப் பயிற்சி எடுக்க முடியாது என்பதால், இந்திய அணி வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளர்களையும் உடன் அழைத்துப் போனது. அந்த நால்வரில் ஒருவர் நடராஜன். டி20 அணியில் இருந்த வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். அந்த இடம் இவருக்கு வந்தது. ஆம், ஒரு தமிழ்நாட்டுக்காரரின் கதவு மூடியதில் இன்னொருவரின் கதவு திறந்தது. வேகப்பந்து வீச்சாளர் சைனிக்கு முதுகுவலி, ஒருநாள் அணியில் சேர்த்தார்கள். டிசம்பர் 2, கான்பெராவில் முதல் ஒருநாள். டிசம்பர் 4, முதல் டி20, மூன்று விக்கெட். உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால் காயம். டெஸ்ட் அணிக்கு வந்தார். பும்ராவுக்கு வயிற்றுத் தசைப்பிடிப்பு. 2021 ஜனவரி 15, பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி. முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு மூன்று விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். அந்த டெஸ்ட்டை இந்தியா வென்றது. 1988-க்குப் பிறகு அதுவரை ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் டெஸ்ட்டில் தோற்றதே இல்லை.

ஒரு காயம் குறைந்திருந்தாலும் இது நடந்திருக்காது. ஆகவே, அதிர்ஷ்டம்தானே? பாதி உண்மை. பகடை உருண்டபோது அவர் உருளும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான்காம் டிவிஷனும் டி.என்.பி.எல்.லும் இரண்டு வருட பெஞ்சும் சேர்ந்துதான் அவரை அங்கே நிறுத்தின. அதே யார்க்கரை வைத்துக்கொண்டு சின்னப்பம்பட்டியிலேயே இருந்திருந்தால், இந்திய அணியில் பதினோரு பேருக்கும் காயம் பட்டிருந்தாலும் அவர் பெயர் யாருக்கும் நினைவு வந்திருக்காது.

பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை. இன்றுவரை ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20 என்பதே அவருடைய இந்தியக் கணக்கு. ஐ.பி.எல்.லில் 2024-ல் 19 விக்கெட் எடுத்து, அடுத்த ஏலத்தில் 10.75 கோடிக்கு டெல்லிக்குப் போனார். எழுந்தவர்கள் எல்லாம் எழுந்தபடியே நிற்பதில்லை, விளையாட்டிலும் அப்படித்தான்.

கோப்பில் பெயர் ஏறுவது எப்படி?

மேலாண்மை விளையாட்டின் பெரிய பொய் ஒன்று உண்டு. அதில் ஆடக்கூடிய எல்லாருமே ஏற்கெனவே கோப்பில் இருப்பார்கள். கடைசிச் சுற்றுக்காரனுக்கும் ஓர் எண் உண்டு; ஒவ்வொரு மாதமும் அவனுக்காகவும் பகடை உருளும். நிஜ உலகில் முக்கால்வாசிப் பேருக்குக் கோப்பே கிடையாது.

மைக் பியாஸாவைப் பாருங்கள். 1988 டிராஃப்டில் 62-வது சுற்று, 1,390-வது பெயர். பிற்காலத்தில் கேட்சராக ஆடியபடி அதிக ஹோம் ரன் அடித்த சாதனைக்காரர். 2016-ல் ஹால் ஆஃப் ஃபேம். இந்தக் கதையைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்வார்கள். அவர்கள் விட்டுவிடுகிற வரி: டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா, பியாஸாவின் அப்பாவுக்கு நண்பர். அவர் சொன்னதால்தான் அந்த 1,390-வது பெயர் எழுதப்பட்டது. சிபாரிசு இல்லாத பியாஸாக்கள் எத்தனை பேர் என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது.

டொமினிகன் குடியரசின் மக்கள்தொகை தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மேஜர் லீகின் 30 அணிகளும் அங்கே பயிற்சிக்கூடம் வைத்திருக்கின்றன. கரும்புக்காட்டு ஓரத்துப் பையனுக்கும் பதினாறு வயதில் யாராவது வந்து பந்தின் வேகத்தை அளந்துவிடுவார்கள். அங்கிருந்து நட்சத்திரங்கள் வருவது ரத்தத்தில் ஊறியது என்பார்கள். அளவுகோல் போய்ச் சேர்ந்ததும் காரணம். அந்த ஏற்பாட்டில் சுரண்டலும் உண்டு, ஏஜெண்டுகளின் கமிஷனும் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தியாவிலும் பேஸ்பால் அப்படி வந்து பார்த்தது உண்டு. 2008-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற தொலைக்காட்சிப் போட்டி. வேகமாக, குறிதவறாமல் எறிய வேண்டும். ஈட்டி எறிந்து பழகிய இரண்டு உத்தரப் பிரதேசப் பையன்கள், ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், அமெரிக்கா போனார்கள். பேஸ்பாலையே பார்த்திராதவர்களைச் சில மாதத்தில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. (இந்த ரிங்கு வேறு, கொல்கத்தா அணியின் ரிங்கு வேறு.) 2014-ல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் டிஸ்னி படமும் வந்தது. தினேஷ் சீக்கிரமே திரும்பிவிட்டார். ரிங்கு சில வருடங்கள் கீழ்நிலை லீக்குகளில் ஆடி, முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு மேலே போக முடியாமல், கடைசியில் மல்யுத்த மேடைக்கு மாறினார். மேஜர் லீகுக்கு இருவரும் வரவில்லை. ஆனால் ஒரு போட்டி, ஓர் அளவுகோல், இரண்டு பெயர்கள் கோப்பில் ஏறின. வருடாவருடம் விடாமல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கணக்கு.

அந்த வேறு கணக்குக்கு விடை சின்னப்பம்பட்டியிலேயே இருக்கிறது. நடராஜனும் ஜெயப்பிரகாஷும் சேர்ந்து ஊரில் பயிற்சிக்கூடம் தொடங்கினார்கள். அங்கே பழகிய பெரியசாமி, 2019 டி.என்.பி.எல். இறுதிப் போட்டியில் சேப்பாக் அணிக்காக 15 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் சாய்த்தார். ஒரு கண்ணில் பார்வைக் குறைபாட்டோடு வந்தவர். சிற்றூர் ஒன்றில் சில வருட இடைவெளியில் இரண்டு பேர் எழுந்தால், அதை இனியும் பகடை என்று சொல்ல முடியாது. 2023 ஜூனில் அங்கே 'நடராஜன் கிரிக்கெட் மைதானம்' திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் தினேஷ் கார்த்திக். நடராஜன் வாங்கிய விக்கெட்டுகளைவிட அந்த மைதானம் நீண்ட நாள் ஆடும்.

பாப்பாரப்பட்டியின் எண்கள்

சின்னப்பம்பட்டியின் மண்ணில் விசேஷமாக எதுவும் இல்லை. அதே வெயில், அதே டென்னிஸ் பால், அதே இடது கைகள் பாப்பாரப்பட்டியிலும் உண்டு. பாலக்கோட்டிலும் அரூரிலும் உண்டு. பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் டோர்னமென்ட் நடக்கும். ஃபிளெக்ஸ் அடிப்பார்கள், முதல் பரிசுக்கும் கோப்பைக்கும் வசூல் செய்வார்கள், மைக்கில் வர்ணனைகூட உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் எழுதிய தாள் பறந்துபோகும். நான்கு ஓவரில் யார் எத்தனை யார்க்கர் போட்டான், மூன்று வருடமாக அவன் தொடர்ந்து போடுகிறானா, ஒருநாள் கூத்தா என்று பார்க்க ஒரு வரி பதிவுகூட மிஞ்சாது. முன்னே சொன்ன மூன்று வகையில் அவன் எந்த வகை என்று கேட்கவே இடமில்லை.

இதைச் சரிசெய்ய சேப்பாக்கம் அளவுக்கு மைதானம் கட்ட வேண்டியதில்லை. முதல் தேவை, ஸ்கோர் புத்தகம். கைப்பேசியில் பந்துக்குப் பந்து பதியும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேலாண்மை விளையாட்டில் இரவு முழுக்கக் கண்விழிக்கும் பையனுக்கு அதைக் கையாள ஒரு மணி நேரம் போதும். இரண்டாவது, லெதர் பால் ஆடக்கூடிய ஒரு பிட்ச், ஒரு வலை. டென்னிஸ் பாலில் கற்றது கனமான பந்தில் எடுபடுமா என்று தெரிய வேறு வழியில்லை. மூன்றாவது, மாவட்டத் தேர்வு என்றைக்கு, எங்கே, எந்த வயதுக்கு என்பதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற ஒரு ஆள். உடற்கல்வி ஆசிரியரோ, முன்னாள் ஆட்டக்காரரோ, டீக்கடைக்காரரோ யாராக இருந்தாலும் சரி. சின்னப்பம்பட்டியில் அந்த ஆள் இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாரும் நடராஜன் ஆகிவிடுவார்களா? மாட்டார்கள். நூறு பேரைப் பதிந்தால் தொண்ணூற்றெட்டுப் பேர் பதிவிலேயே நின்றுவிடுவார்கள். கீழ்நிலை லீகில் நூற்றுக்கணக்கானவர்களைக் கட்டித் தீனி போட்டால்தான் ஒருவன் எழுவான் என்பது கணினி மேலாளர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த கணக்கு. அந்த ஒருவன் யார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால்தான் எல்லாரையும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

திடீர் எழுச்சியைப் பார்த்து வியப்பவர்கள் பகடையைப் பற்றியே பேசுகிறார்கள். பகடை எல்லா ஊருக்கும் பொதுவானது. அதை யாராலும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது பட்டியல் மட்டும்தான். பாப்பாரப்பட்டி டோர்னமென்ட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பந்து வீசப்படும்போது, வீசியவன் பெயரை யாராவது எழுதி வைத்தால் அந்த வேலை தொடங்கிவிட்டது.